கிரீஸ் அடித்த பிறகுதான் பேரிங் சூடாகிறது. பத்தவில்லையா, கூடிவிட்டதா?

திருப்புளி
வணக்கம். புளோயர் ஓட்டும் 90 கிலோவாட் மோட்டார் ஒன்று, 1480 ஆர்.பி.எம்., கப்ளிங்கில் நேரடி இணைப்பு. இரண்டு பக்கமும் 6316 சி3 பந்து பேரிங் (சி3 என்றால் உள் இடைவெளி சற்றுக் கூடியது), பக்கவாட்டில் ஷீல்டு மூடி இல்லாதது. வழக்கமாக டிரைவ் பக்கம், அதாவது கப்ளிங் பக்கம், 60, 62 டிகிரியில் நிற்கும். மாதாமாதம் கிரீஸ் அடிக்கிற நாளில் மட்டும் 85-ஐத் தாண்டிவிடும், இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். இந்தத் தடவை இறங்கவே இல்லை, 78-லேயே நிற்கிறது. எதிர்ப்பக்கமான நான்-டிரைவ் பக்கத்தில் லேசாக ஒரு உறுமல் வேறு. போன வருடம்தான் இரண்டையும் மாற்றினோம். அலைன்மென்ட் லேசரில் பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது. "பத்தலை, இன்னும் அடி" என்று ஒரு கட்சி, "கூடிப்போச்சு, விடு" என்று ஒரு கட்சி. யார் சொல்வதைக் கேட்பது?

கிரீஸ்கன் மாமா
தம்பி, கிரீஸ் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. புதுசு சீல் ஓரமா வழியுற வரைக்கும் அடிக்கணும். பழசு அழுக்கையும் தள்ளிக்கிட்டு வெளிய வரும். எங்க கன்வேயர் பிளம்மர் பிளாக் (பேரிங் உக்கார்ற கூடு) அத்தனைக்கும் அப்படித்தான் அடிக்கிறோம், ஒண்ணுக்கும் ஒரு குறையும் இல்ல. சூடு வர்றது புதுக் கிரீஸ் இடம் பிடிக்கிறதால. ரெண்டு நாள்ல அடங்கிடும்.

எண்ணெய்க்குடம்
மாமா சொல்வது அவருடைய கன்வேயருக்குச் சரி. இந்த மோட்டாருக்குச் சரியில்லை. அது ஏன் என்று பிடிபட்டால் இந்தச் சண்டையே இருக்காது.

பேரிங்கின் வேகத்தை வெறும் ஆர்.பி.எம்.மில் பார்க்காதீர்கள். ஆர்.பி.எம்.மை பேரிங்கின் சராசரி விட்டத்தால் பெருக்குங்கள். 6316-க்கு உள்விட்டம் 80 மி.மீ., வெளிவிட்டம் 170, சராசரி 125. அதை 1480-ஆல் பெருக்கினால் 1,85,000. மாமாவின் கன்வேயர் புல்லியில் 22220 மாதிரி ஒரு ரோலர் பேரிங் 60 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சராசரி விட்டம் 140. பெருக்கினால் 8,400. இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

மெதுவாகச் சுற்றுகிற பேரிங்கில் ஹவுசிங் (பேரிங்கின் கூடு) நிறைய கிரீஸ் இருந்தாலும் சூடு பெரிதாக ஏறாது. தூசியும் தண்ணீரும் உள்ளே வராமல் அந்தக் கிரீஸே தடுப்பாக நிற்கும். அங்கே நிரப்புவதுதான் புத்திசாலித்தனம். வேகமாகச் சுற்றும் பந்து பேரிங்கில் அதே வேலையைச் செய்தால், பந்துகள் ஒவ்வொரு சுற்றிலும் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும். ஒதுங்க இடமில்லை. கடைகிற உழைப்பு முழுக்கச் சூடாக மாறும். சூட்டில் கிரீஸின் எண்ணெய் பிரிந்து ஓடும், அதைப் பிடித்து வைத்திருந்த சோப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் ஹவுசிங் நிறைய கிரீஸ் இருந்தும் பந்துக்கடியில் எண்ணெய் இருக்காது. வேகமான பேரிங்குகளில் உள்ளே இருக்கும் காலி இடத்தில் 30 முதல் 50 சதவீதம் வரைதான் நிரப்பச் சொல்கிறார்கள்.

அடித்தவுடன் சில மணி நேரம், அதிகம் போனால் ஒரு நாள், சூடு ஏறி இறங்குவது இயல்பு. மூன்று நாள் இயல்பு இல்லை. இறங்காமலே நிற்பது கோளாறு.

கிரீஸ்கன் மாமா
பெருக்கல் எல்லாம் சரிங்க. எவ்வளவு அடிக்கணும்னு நேராச் சொல்லுங்க.

எண்ணெய்க்குடம்
இருக்கிற கிரீஸோடு சேர்த்து அடிப்பதற்கு பேரிங் கேட்டலாக்குகளில் ஒரு எளிய கணக்கு உண்டு. வெளிவிட்டம் × அகலம் × 0.005, இரண்டும் மி.மீ.யில், விடை கிராமில். 6316-இன் அகலம் 39. ஆக 170 × 39 × 0.005, கிட்டத்தட்ட 33 கிராம். இது பக்கவாட்டில் கிரீஸ் நுழையும் பேரிங்குக்கு. வெளிவளையத்தின் நடுவில் துளை வழியாக நுழையும் ரோலர் பேரிங்குகளுக்கு 0.005-க்குப் பதில் 0.002.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது பெரும்பாலும் மோட்டாரின் பெயர்ப்பலகையிலோ அதன் பக்கத்தில் இருக்கும் கிரீஸ் தகட்டிலோ மணிக்கணக்காக இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள் திருப்புளி. இந்த அளவு பேரிங்குக்கு அது பல ஆயிரம் மணி நேரமாக இருக்கும். மாதம் என்பது வெறும் 720 மணி.

ஷிஃப்ட்-பி
33 கிராம்னா கிரீஸ் கன்ல எத்தனை அடி (ஸ்ட்ரோக்)?

ஸ்பேனர்செட்
அதை யாரும் சொல்ல முடியாது, உங்க கன்னை எடை போட்டுத்தான் பார்க்கணும். ஒரு தாள்ல 10 அடி அடிங்க, தராசுல வைங்க, பத்தால வகுங்க. எங்ககிட்ட இருக்கிற ஒரே மாதிரி கன்லயே ஒண்ணு அடிக்கு ஒரு கிராம் தருது, இன்னொண்ணு ரெண்டுக்குக் கிட்ட. கன்னுல பெயின்ட்ல எழுதி வச்சிருக்கோம். "பத்து அடி அடி"ன்னு அட்டவணைல இருந்தா, எந்த கன்னுன்னு இல்லாம அதுக்கு அர்த்தமே இல்ல. காத்து புகுந்த கன்னா இருந்தா அந்தப் பத்து அடில பாதி வெறும் காத்து.

இன்னொண்ணு, கை கன்னை லேசா நினைக்காதீங்க. நூத்துக்கணக்கான பார் அழுத்தம் தரும். வெளிய போக வழி இல்லேன்னா சீலைப் பிதுக்கிட்டுப் போயிடும்.

திருப்புளி
தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து மறைந்திருந்தது. 4000 மணி, 35 கிராம் என்று இருக்கிறது. எங்கள் கன் அடிக்கு 1.4 கிராம் தருகிறது. அட்டவணையில் இருப்பது மாதம் 20 அடி, அதாவது 28 கிராம். ஆக ஐந்தரை மாதத்துக்குப் போக வேண்டியதைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு மாதமும் கொடுக்கிறோம். கீழே வடிகால் பிளக் இருக்கிறது. ஆனால் யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

எண்ணெய்க்குடம்
அந்தப் பிளக்தான் பாதிக் கதை. திறந்து பாருங்கள், மெழுகு மாதிரி கெட்டியாகிப்போன பழைய கிரீஸ் அடைத்திருக்கும். வெளியே போகும் வழி மூடியிருந்தால் உள்ளே தள்ளப்படுவது எங்கே போகும்? உள்மூடியின் ஷாஃப்ட் இடுக்கு வழியாக மோட்டாருக்குள்தான். வைண்டிங் மேல் கிரீஸ் படிந்து, தூசி ஒட்டி, காற்று போகும் வழியும் அடைபடும். ரீவைண்டிங்குக்கு வரும் மோட்டாரைத் திறந்தால் உள்ளே கிரீஸ் கொட்டிக் கிடப்பது ஒன்றும் அபூர்வக் காட்சி இல்லை.

முறை இதுதான். நிப்பிளையும் (கன்னை மாட்டும் முனை) சுற்றிலும் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே ஒட்டிய மண்தான் முதலில் உள்ளே போகும். பிளக்கைத் திறந்து, அடைப்பைக் கம்பி விட்டு எடுக்க வேண்டும், மோட்டார் நிற்கும்போது. பிறகு ஓடவிட்டு, மெதுவாக, நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். அடித்த பிறகும் பிளக்கைத் திறந்தே வைத்து, கூடுதல் வெளியேறி சூடு அடங்கும் வரை ஓடவிட்டு, அப்புறம் மூட வேண்டும்.

உங்கள் மோட்டாரில் இப்போதைக்கு எதுவும் அடிக்காதீர்கள். பிளக்கைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள்.

சத்தம்கேட்பான்
உறுமல் என்றீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கிரீஸ் கூடினால் சூடு வரும், உறுமல் பெரும்பாலும் வராது. அதிர்வு அளவீடு எடுத்தீர்களா? 6316-இல் 8 பந்துகள். வெளிவளையக் கோளாறின் அதிர்வெண் உத்தேசமாக 0.4 × பந்துகள் × சுற்று. 0.4 × 8 = 3.2. நொடிக்கு 24.7 சுற்று, ஆக 79 ஹெர்ட்ஸ் பக்கம். உண்மையான உள் அளவுகளைப் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். அங்கேயும் அதன் மடங்குகளிலும் முனைகள் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

காது வைத்துக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்புளியின் ஒரு முனையை ஹவுசிங்கிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக் கேட்பது (பெயருக்கேற்ற வேலை!) கெட்டுப்போன பேரிங்கைக் கண்டுபிடிக்கும். கெட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்காது. அதற்கு அல்ட்ராசவுண்ட் கருவி நல்லது. நல்ல நிலையில் இருந்த அளவைவிட 8 டெசிபல் ஏறினால் கிரீஸ் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கலாம். சத்தம் இறங்கி நின்றதும் கன்னை எடுத்துவிட வேண்டும். மறுபடி ஏற ஆரம்பித்தால் கூடிவிட்டது என்று பொருள்.

ஷிஃப்ட்-பி
கிரீஸ் எந்த வகைன்னு யாருமே கேக்கலையே. எங்க ஆலைல எல்லாத்துக்கும் ஒரே டின்தான்.

எண்ணெய்க்குடம்
நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிரீஸ் என்பது எண்ணெய்தான். அதைப் பிடித்து வைத்திருக்க ஒரு கெட்டிப்பொருள், பெரும்பாலும் லித்தியம் சோப்பு. வேலை செய்வது எண்ணெய், கெட்டிப்பொருள் அதற்கு ஒரு தொட்டி. "நம்பர் 2 கிரீஸ்" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த என்.எல்.ஜி.ஐ. எண் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும்தான் சொல்கிறது. சோதனைக் கூம்பு கிரீஸுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று 25 டிகிரியில் அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மி.மீ. இறங்கினால் நம்பர் 2. உள்ளே இருக்கும் எண்ணெய் தண்ணியா, கனமா என்று அதில் இருக்காது. ஒரே நம்பர் 2-இல் 100 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் கனத்தை அளக்கும் அலகு) எண்ணெயும் இருக்கலாம், 460-உம் இருக்கலாம்.

இந்த மோட்டாருக்கு ஓடும் சூட்டில் குறைந்தது 10, 11 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய் இருந்தால் படலம் நிற்கும். 40 டிகிரியில் 100 உள்ள எண்ணெய் 70 டிகிரியிலும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கும், தாராளம். மாமாவின் 22220-க்கு, 60 ஆர்.பி.எம்.மில், ஓடும் சூட்டிலேயே 125-க்கு மேல் தேவை. மெதுவாகச் சுற்றும்போது படலத்தை எழுப்ப வேகம் உதவாது, எண்ணெயின் கனம்தான் உதவ வேண்டும். ஒரே டின்னை இரண்டுக்கும் போட்டால், ஒன்று மோட்டார் வீணாகச் சூடாகும், இல்லை கன்வேயர் பேரிங் உலோகத்தோடு உலோகம் உரசும். கறுப்பு மாலிப்டினம் கிரீஸும் அப்படித்தான். மெதுவான, பாரமான, அதிர்ச்சி வாங்கும் இடங்களுக்கு அருமை, வேகமான மோட்டார் பேரிங்குக்கு வேண்டாம்.

அடுத்தது கலப்பு. மோட்டார் தயாரிப்பாளர்கள் பலர் பாலியூரியா என்ற வேறு கெட்டிப்பொருள் உள்ள கிரீஸ் வைத்து அனுப்புகிறார்கள். அதன் மேல் லித்தியம் காம்ப்ளெக்ஸை அடித்தால், சில ஜோடிகள் ஒத்துப்போகும், சில தண்ணியாகி ஓடிவிடும், சில கெட்டிப்படும். களிமண் வகை கிரீஸ் பெரும்பாலானவற்றோடு சேராது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் சாயம்தான்.

கிரீஸ்கன் மாமா
கறுப்பு டின்னைத்தான் நாங்க பிளம்மர் பிளாக்குக்கு வச்சிருக்கோம். அது தெரிஞ்சே வச்சதுதான் 🙂 மோட்டார் எங்க பொறுப்பு இல்ல, எலக்ட்ரிக்கல் ஆளுங்க பாத்துப்பாங்க.

மின்னல்கை
எலக்ட்ரிக்கல் ஆள் வந்துட்டேன். திருப்புளி அண்ணே, ஒரே ஒரு கேள்வி. இந்த மோட்டார் வி.எஃப்.டி.ல, அதான் வேகத்தை மாத்துற மின்னணு டிரைவ்ல, ஓடுதா?

திருப்புளி
ஆமாம். முன்பு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். பேரிங் மாற்றுவதற்குச் சில மாதம் முன்புதான் டிரைவ் போட்டார்கள்.

மின்னல்கை
அப்போ கழட்டுற பேரிங்கைத் தூக்கிப் போடாதீங்க. வெளிவளையத்தை அறுத்து, துடைச்சு, வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஷாஃப்டுக்கு இணையா, ஒரே சீரான இடைவெளில, வரி வரியா இருந்தா அது கரன்ட் போன தடம். கிரீஸ் கருகிக் கறுப்பா இருக்கும்.

டிரைவ் தர்ற மின்சாரம் வழவழன்னு வர்றதில்ல, துண்டு துண்டா வேகமா ஏறி இறங்குற மின்னழுத்தம். அதுல ஒரு பங்கு ஷாஃப்டுல தேங்கும். பந்துக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற எண்ணெய்ப் படலம் ஒரு மைக்ரான்கூட தேறாது. அதைத் துளைச்சுக்கிட்டு கரன்ட் பாயும்போது அந்தப் புள்ளில உலோகம் உருகிக் குழியாகும். நொடிக்கு ஆயிரக்கணக்குல. அந்தக் குழிகள் மேல பந்து உருண்டு உருண்டுதான் வரி விழுது. உறுமலும் அதுதான்.

எண்ணெய்க்குடம்
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிரீஸ் பக்கத்து வேலை அதனால் தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 85 டிகிரி மின்சாரத்தால் வந்ததில்லை.

சத்தம்கேட்பான்
அதேதான். கிரீஸ் அடித்த அன்று மட்டும் ஏறும் சூடு ஒரு வழக்கு, மாதக்கணக்கில் வளர்ந்த உறுமல் இன்னொரு வழக்கு. இரண்டையும் ஒரே காரணத்தில் கட்டப் பார்த்ததால்தான் ஆலையில் இரண்டு கட்சி.

திருப்புளி
ஷட்டவுன் கிடைத்தது, கழற்றிவிட்டோம். மின்னல்கை சொன்னது அப்படியே இருக்கிறது. நான்-டிரைவ் பக்க வெளிவளையத்தில், பாரம் விழும் கீழ்ப் பாதியில், சீப்பின் பற்கள் மாதிரி வரிகள். டிரைவ் பக்கத்தில் வரி இல்லை, ஆனால் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக மங்கியிருக்கிறது. எண்ணெய்க்குடம் சொன்னதும் இருக்கிறது: பிளக் வழி முழுக்க அடைப்பு, உள்மூடி நிறைய கிரீஸ், வைண்டிங் நுனியிலும் படிந்திருந்தது. இப்போது என்ன பேரிங் போடுவது? மின்சாரம் கடத்தும் கிரீஸ் என்று ஒன்று விற்கிறார்களாமே?

மின்னல்கை
கடத்தும் கிரீஸை நம்ப மாட்டேன். அதுக்குள்ள போடுற கடத்தும் துகள்களே பேரிங்குக்குள்ள அழுக்கு மாதிரிதான். நான் செய்யுறது: நான்-டிரைவ் பக்கம் காப்புப் பூச்சு பேரிங். வெளிவளையத்துல அலுமினியம் ஆக்சைடு பூச்சு இருக்கும், ஷாஃப்ட், ரெண்டு பேரிங், மோட்டார் உடல்னு சுத்தி வர்ற கரன்ட் அங்கே அறுந்துடும். பூச்சு சுரண்டாம ஏத்தணும், சுத்தியல் பக்கத்துலயே வரக்கூடாது. டிரைவ் பக்கம் ஷாஃப்டுல எர்த்திங் வளையம், தேங்குற அழுத்தம் பேரிங்கைத் தொடாம இறங்கிடும். செலவு பாக்காத இடத்துல செராமிக் பந்து போட்ட பேரிங். இதுக்கெல்லாம் முன்னாடி கேபிளைப் பாருங்க. டிரைவுக்கு ஏத்த ஷீல்டு கேபிளா, ஷீல்டு ரெண்டு முனைலயும் முழுச் சுத்தும் பிடிச்சிருக்கா, இல்ல வால் மாதிரி முறுக்கி ஒரு போல்ட்ல மாட்டியிருக்கா. அங்க கோட்டை விட்டுட்டு பேரிங்குல காசு போடுறவங்கதான் நிறைய.

ஸ்பேனர்செட்
ஏத்துறதைப் பத்தி ரெண்டு வரி. இண்டக்‌ஷன் ஹீட்டர்ல 110 டிகிரி போதும், 125 தாண்டவே கூடாது. கேஸ் டார்ச் காட்டுறவங்களைக் கிட்ட விடாதீங்க. ஹீட்டர்ல டீமேக்னடைஸ் ஆகி முடிஞ்சுதான்னு பாத்து எடுங்க, காந்தம் மிச்சமிருந்தா இரும்புத்தூளை இழுத்து வச்சுக்கும். குளிரும்போது உள்வளையம் ஷாஃப்ட் தோள்ல இருந்து விலகும், நட்டைப் போட்டு அழுத்திப் பிடிங்க. புது பேரிங்கை டீசல்ல கழுவுற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. மேல இருக்கிற மெல்லிய துருத்தடுப்பு எண்ணெய் பெரும்பாலான கிரீஸோட சேரும். பெட்டியைத் திறக்கிறதே ஏத்துற நேரத்துலதான்.

தொட்டுப்பார்
நடுவில் புகுந்ததுக்கு மன்னிக்கவும், எனக்கும் ஒரு பேரிங் பிரச்சினை. ஒரு பம்ப் ஓடும், பக்கத்தில் அதே மாதிரி ஸ்டாண்ட்பை பம்ப் சும்மா நிற்கும். ஓடாத பம்பின் பேரிங்தான் முதலில் போகிறது! மாற்றி ஓட்டியவுடனே சத்தம். கிரீஸ் புதுசு.

சத்தம்கேட்பான்
ஓடுகிற பம்பின் அதிர்வு ஒரே பேஸ் வழியாக நிற்கிற பம்புக்கும் போகிறது. உருளாமல் ஒரே இடத்தில் நிற்கும் பந்துகள் அந்த இடத்திலேயே நுணுக்கமாக அசைந்து அசைந்து எண்ணெயை விலக்கிவிடும். பந்துக்குப் பந்து இருக்கும் அதே இடைவெளியில் வளையத்தில் தடங்கள் விழும். சில நேரம் செந்தூள் மாதிரி துருவும் இருக்கும். அதிகக் கிரீஸ் இதைத் தடுக்காது. வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் சுற்றி, முன்பு நின்ற இடத்திலேயே நிற்காதபடி விடுங்கள். அதைவிட நல்லது, இரண்டு பம்பையும் முறை வைத்து ஓட்டுவது.

மின் வரிகளையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மின் வரிகள் நெருக்கமாக, பந்து இடைவெளிக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும்.

திருப்புளி
நான்-டிரைவ் பக்கம் காப்புப் பூச்சு பேரிங், டிரைவ் பக்கம் சாதாரண 6316 சி3, எர்த்திங் வளையம் போட்டாகிவிட்டது. கேபிள் ஷீல்டு மின்னல்கை சொன்ன "வால்" ரகம்தான், மாற்றினார்கள். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, பாலியூரியா வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரே லித்தியம் காம்ப்ளெக்ஸ் வைத்தோம். அடிப்படை எண்ணெய் 110 சென்டிஸ்டோக்ஸ். பேரிங் உள்ளே நிரப்பி, மூடிகளில் மூன்றில் ஒரு பங்கு. இப்போது டிரைவ் பக்கம் 58, நான்-டிரைவ் பக்கம் 55. அட்டவணையை 4000 மணி, 25 அடி என்று மாற்றி, கன் எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒரு சந்தேகம். கோடையில் இந்த அறை நன்றாகச் சூடாகும். அப்போதும் 4000 மணிதானா?

எண்ணெய்க்குடம்
பேரிங்கின் சூடு 70-க்குள் இருந்தால் தொட வேண்டாம். 70-க்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். 85-இல் ஓடினால் 2000 மணி. அளவு கூடாது, 35 கிராமேதான், இடைவெளி மட்டும் சுருங்கும். செங்குத்தாக நிற்கும் மோட்டார் இருந்தால் அதற்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

கிரீஸ்கன் மாமா
கன்னை நானும் எடை போட்டேன், அடிக்கு 1.9. பிளம்மர் பிளாக்குக்கு வழக்கம்போல வழியத்தான் அடிப்பேன். ஆனா இந்த வடிகால் பிளக்கை ஓடும்போது திறக்கலாமா? எங்க மோட்டார்ல அது கூலிங் ஃபேனுக்குப் பக்கத்துல இருக்கு.

ஸ்பேனர்செட்
வேண்டாம் மாமா. ஃபேன் கவுலுக்கு (ஃபேன் மூடி) உள்ள கை போகணும்னா மோட்டாரை நிறுத்தி, லாக் போட்டுட்டுத் திறங்க. கன்னும் நிறுத்தியே அடிங்க, பாதி அளவு மட்டும். மூடாம ஓடவிட்டு, அடங்கினதும் மறுபடி நிறுத்தி மீதிப் பாதி. பிளக்கை மூடுறதும் நிறுத்தித்தான். அடுத்த ஷட்டவுன்ல அந்த வடிகாலுக்கு ஒரு குழாய் போட்டு கவுலுக்கு வெளிய கொண்டுவந்துடுங்க, அகலமான குழாயா, நீளம் குறைச்சலா. ஒடுக்கமா இருந்தா அதுவும் அடைச்சுக்கும்.